மூன்று அங்குல நிழல்

மார்ச் 24, வெள்ளி

தொண்டையில் இருந்த கட்டியை நேற்று எடுத்தார்கள். இன்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் ஒரு சொல் பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாதாம், அது இன்னும் கெடுதலாம். "கத்திப் பேசுற வேலையா சார் உங்களுக்கு?" என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தமயந்தி முந்திக்கொண்டாள். "ஊர் ஊராப் போயி அறிவியல் நிகழ்ச்சி நடத்துவாங்க டாக்டர்." "மைக் கிடையாதா?" "மைக் இருந்தாலும் கத்துவாங்க." டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். குரல் பழையபடி வருமா என்று அவள் கேட்டதற்கு மட்டும் சிரிக்காமல், "வரும்னு நம்புவோம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பழைய டைரி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன். பேசாமல் இருக்கச் சொன்னால் இருப்பேன், நினைக்காமல் இருக்க முடியாது. பிற்காலத்தில் யாராவது படித்தால் தெரியட்டும்: நான் சிதம்பரநாதன். புதுக்கோட்டையில் கல்லூரி ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பத்தொன்பது வருடமாக எங்கள் அறிவியல் மன்றத்தின் சார்பில் சந்தை, பள்ளிக்கூடம், கோவில் வாசல் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மக்களுக்கு அறிவியலைச் செய்து காட்டுகிறவன். 'சயின்ஸ் சார்' என்று கேட்டால் பஸ் கண்டக்டர் வரைக்கும் வழி சொல்வார்கள். தமயந்தி என் மனைவி. வீட்டில் ஜாக்கெட் தைக்கிறாள். பெட்டி அடுக்கித் தருவாள்.

மார்ச் 26, ஞாயிறு

மன்றத்தின் செயலாளர் ஜெபக்குமார் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான். தொண்டையில் புண்ணோடு இருப்பவனுக்கு ஆரஞ்சு. புதன்கிழமை கீழக்கொல்லைப் பட்டியில் நிகழ்ச்சி ஒப்புக்கொண்டிருக்கிறது, ரத்து செய்துவிடலாமா என்று கேட்டான். சிலேட்டில் 'ஆம்' என்று எழுதிக்கொண்டிருந்தேன். அதற்குள் அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"நான் வேணா போயிட்டு வரட்டுமா தம்பி? என்னென்ன செய்யணும்னு எனக்குத் தெரியும்."

"அண்ணி, நிசமாவா?"

"பத்தொம்பது வருசமா பெட்டி அடுக்குறேன். எது எதுக்குன்னு தெரியாமலா அடுக்குவேன்?"

ஜெபக்குமார் என்னைப் பார்த்தான். சிலேட்டில் 'ஆம்' என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. அதை அவன் சம்மதமாக எடுத்துக்கொண்டான்.

மார்ச் 29, புதன்

உடன் போனேன், ஏதாவது தப்பு நடந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று. கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள்.

நான் எப்போதும் 'அமிலம் என்றால் என்ன, காரம் என்றால் என்ன' என்றுதான் தொடங்குவேன். அஸ்திவாரம் வேண்டும் அல்லவா. இவள் மைக்கைக் கையில் எடுத்ததும், "புடவையில சாம்பார் கொட்டுனா மஞ்சளாத்தான இருக்கு? சோப்பு போட்டதும் ரத்தம் மாதிரி செவக்குதே, ஏன்னு யாராச்சும் யோசிச்சீங்களா?" என்றாள். பெண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். தன் கல்யாணப் பட்டே அப்படிப் போயிற்று என்று ஒருத்தி எழுந்து நின்று சொன்னாள். மஞ்சள் தடவிய தாளை எல்லார் கையிலும் கொடுத்து, சோப்புத் தண்ணீர், எலுமிச்சைச் சாறு, அவரவர் வாயிலிருந்த வெற்றிலைச் சுண்ணாம்பு எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். என் நிகழ்ச்சியில் 'தொடாதீர்கள்' என்று அட்டை இருக்கும். அதை அவள் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை.

ஒரு கிழவர், "ஈரத்துணி ஏம்மா காஞ்ச துணிய விடக் கருப்பா தெரியுது?" என்று கேட்டார். "தெரியலங்கய்யா. கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றாள். மைக்கில்! மேடையில் நின்றுகொண்டு தெரியாது என்று சொல்லலாமா? பத்தொன்பது வருடத்தில் ஒரு தடவைகூட அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்ததில்லை. இதே கேள்வியை முன்பு ஓர் ஊரில் என்னிடமும் கேட்டார்கள். தண்ணீர் சாயத்தை இளக்கிவிடுகிறது என்று கணீரென்று பதில் சொன்னேன். அது தவறு என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். போய்த் திருத்தவில்லை. அந்த ஊருக்கு பஸ் வசதி சரியில்லை.

முடிந்ததும் கூட்டம் கலையவில்லை. அவளைச் சுற்றி நின்றது. நான் பெட்டியை அடுக்கினேன். குடுவைகளைப் பெட்டியின் எந்தத் தடுப்பில் வைப்பது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறினேன்.

மார்ச் 30, வியாழன்

மக்களைச் சிரிக்க வைப்பது பெரிய காரியம் இல்லை.

ஏப்ரல் 2, ஞாயிறு

நேற்றும் ஒரு நிகழ்ச்சி. நான் போகவில்லை, உடம்பு சரியில்லை என்று எழுதிக் காட்டினேன். வீட்டில் இருந்தவாறே டெலிபோனுக்குக் காவல் இருந்தேன். மூன்று அழைப்பு. மூன்றுமே அவளுக்கு. பேச முடியாதவன் என்ன செய்வது, எடுத்து எடுத்து வைத்தேன். நான்காவதாக ஒரு பள்ளித் தலைமையாசிரியர் அழைத்தார். அதையும் எடுத்து வைத்தேன்.

ஈரத்துணிக்கு விடை என்னவென்று தமயந்தி கேட்டாள். 'பிறகு' என்று சிலேட்டில் எழுதினேன். ஜாக்கெட் துணி ஒன்றை நனைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றாள். பிறகு என் அலமாரியிலிருந்து புத்தகம் ஒன்றை எடுத்து, விரலை வைத்து வைத்துப் படித்தாள். என் அனுமதியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்னால் பேச முடியாதுதான்.

பொறாமை என்று யாரும் நினைக்க வேண்டாம். கட்டிய மனைவி மேல் யாராவது பொறாமைப்படுவார்களா? எனக்கு அக்கறைதான்.

ஏப்ரல் 5, புதன்

ஜெபக்குமார் வந்தான். மே மாதம் கோடை அறிவியல் பயணம். வேன் எடுத்துக்கொண்டு இருபது நாள், இருபது ஊர். ஆண்டுதோறும் நான்தான் தலைமை. வேனின் முன்பக்கம் கட்டும் துணியில் என் பெயர் இருக்கும். இந்த வருடம் யார் என்று மன்றக் கூட்டத்தில் பேச்சு வந்ததாம்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. உங்க தொண்டையும் பாக்கணும்ல. பதினேழாம் தேதி நிழலில்லா நாள் நிகழ்ச்சிய அண்ணி நடத்தட்டும். அதப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்னு எல்லாரும் சொல்றாங்க."

'யார் எல்லாரும்?' என்று எழுதினேன். அவன் சிலேட்டைப் பார்க்காமல் காபியைக் குடித்தான்.

நிழலில்லா நாள் என் நிகழ்ச்சி. இந்த மாவட்டத்துக்கு அதைக் கொண்டுவந்ததே நான். வருடத்தில் இரண்டே நாள் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். அந்த உச்சிப் பொழுதில் நிமிர்ந்து நிற்கும் எதற்கும் நிழல் வெளியே விழாது. ஒரு நிமிடம்தான். அந்த ஒரு நிமிடத்துக்காக நான் ஒரு மணி நேரம் விளக்கம் கொடுப்பேன். பாதிப் பேர் வெயில் தாங்காமல் போய்விடுவார்கள். மிச்சம் இருப்பவர்கள்தான் உண்மையான ஆர்வலர்கள்.

ஏப்ரல் 8, சனி

நோட்டீஸின் மாதிரி அச்சகத்திலிருந்து வந்தது. சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் பட்டன் வாங்கப் போனாள். படித்துப் பார்த்தேன்.

'நிழல் இல்லாத நேரம்! திங்கள்கிழமை பகல் சரியாக 12 மணி, சந்தைத் திடல். நிமிர்ந்து நிற்கும் எந்தப் பொருளையும் கொண்டு வாருங்கள்.'

பன்னிரண்டு மணி!

பன்னிரண்டு மணிக்கு நிழல் மறையாது. இந்தியக் கடிகாரம் ஓடுவது அலகாபாத் பக்கத்துச் சூரியனை வைத்து. நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம். நமக்குச் சூரியன் உச்சிக்கு வரப் பன்னிரண்டே கால் ஆகும். இந்தக் கணக்கைப் பத்தொன்பது வருடமாக நான் ஒருவன்தான் போட்டு வருகிறேன். அவள் பெட்டி அடுக்கினாள், கணக்கைப் பார்க்கவில்லை. மஞ்சள் கறை வேறு, வானம் வேறு.

திரும்பி வந்து, "எப்பிடி இருக்குங்க நோட்டீசு? எதுவும் மாத்தணுமா?" என்று கேட்டாள்.

எழுத்துப் பெரிதாக, நன்றாக இருக்கிறது என்று சைகை காட்டினேன்.

ஏப்ரல் 9, ஞாயிறு

சொல்லியிருப்பேன். சாக்பீஸ் தீர்ந்துவிட்டது.

ஏப்ரல் 10, திங்கள்

வெயில் கொளுத்துகிறது. மோர் தாளிக்கக் கறிவேப்பிலை இல்லை, வாங்கி வா என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். கொத்தமல்லியும் என்று கீழே சேர்த்தேன். நோட்டீஸ் இரண்டாயிரம் அச்சாகி வந்துவிட்டது. இனி என்ன செய்ய முடியும்?

ஏப்ரல் 13, வியாழன்

தமயந்திக்கு ஆலங்குடிப் பக்கம் நிகழ்ச்சி. டாக்டரிடம் நான் தனியாகப் போனேன். குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, "பிரமாதமா ஆறியிருக்கு. ஒரு வார்த்தை சொல்லுங்க பாப்போம்" என்றார். "சரி" என்றேன். கொஞ்சம் கரகரப்பு, ஆனால் என் குரல்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மெதுவா, அளவா பேசலாம். வீட்டுல சொல்லுங்க, அம்மா போன தடவ ரொம்பப் பயந்து போயிருந்தாங்க" என்றார்.

வீட்டில் சொல்லவில்லை. திங்கள்கிழமைக்குப் பிறகு சொல்லலாம் என்று இருக்கிறேன். பன்னிரண்டு மணிக்குக் கூட்டம் நிழலைப் பார்த்துக்கொண்டு நிற்கும். சலசலப்பு வரும். அவள் கையைப் பிசைவாள். அப்போது நான் எழுந்து போய் மைக்கை வாங்கி, நிதானமாக, "நண்பர்களே, இன்னும் பதினைந்து நிமிடம் பொறுங்கள்" என்பேன். மூன்று வாரம் பேசாதவன் பேசுகிற முதல் பேச்சு. இது அவளைக் காப்பாற்றுவதுதானே? இதில் கெடுதல் என்ன இருக்கிறது?

"டாக்டர் என்ன சொன்னாருங்க?" என்று வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். 'இன்னும் ஒரு வாரம்' என்று எழுதினேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. களைப்பாக இருக்கும்.

ஏப்ரல் 14, வெள்ளி

புத்தாண்டு. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, "அன்பார்ந்த பொதுமக்களே" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். இரண்டாவது முறை நன்றாக வந்தது.

இன்று தோசை கருகியிருந்தது. நல்ல நாளும் அதுவுமாக. பொதுச்சேவைக்குப் போனால் வீட்டு வேலை இப்படித்தான் ஆகும். சிலேட்டில் எழுதிக் காட்டலாம் என்று பார்த்தேன். அவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. புகை போலிருக்கிறது. விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 16, ஞாயிறு

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் பெட்டியை அடுக்கினாள். நாலடிக் கம்பு, தூக்குக்குண்டு, ரசமட்டம், தையல் சாக்பீஸ், இன்ச் டேப். இன்ச் டேப் எதற்கு என்று தெரியவில்லை.

"நாளைக்கு எல்லாம் சரியா இருக்கும்லங்க?" என்றாள். என்னையே பார்த்தாள். "ஏதாச்சும் சொல்லணும்னா இப்பச் சொல்லிருங்க."

சிலேட்டை எடுத்தேன். 'குடை எடுத்துக்கொள்' என்று எழுதினேன்.

கொஞ்ச நேரம் அதையே படித்துக்கொண்டிருந்தாள். இரண்டே சொல்.

ஏப்ரல் 17, திங்கள்

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

பதினொன்றே முக்காலுக்குத் திடலில் பள்ளிப் பிள்ளைகள் மட்டும்தான் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சந்தைக்கு வந்தவர்கள் அங்கங்கே விலை பேசிக்கொண்டிருந்தார்கள். ஜெபக்குமார் நோட்டுப் புத்தகத்தோடு நின்றான். மன்றத்துக்காரர்கள் நான்கு பேர் பந்தலில். எனக்கு முன்வரிசையில் நாற்காலி, கழுத்தில் சிலேட்டு.

பன்னிரண்டு அடித்தது. நாலடிக் கம்பு தூக்குக்குண்டுக்கு நேராக நின்றது. அதன் காலடியில், மேற்குப் பக்கம், பளிச்சென்று நிழல். சந்தைக் குத்தகைக்காரர் உரக்கச் சொன்னார்: "நெழலு இருக்கேம்மா! நோட்டீசுல இல்லைன்னு போட்டிருக்கு, இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கு!"

சிரிப்பு. சத்தம் கேட்டு வெங்காயக் கடைக்காரர்கள் எழுந்து வந்தார்கள். ஜெபக்குமார் என்னைப் பார்த்தான். தமயந்தியும் என்னைப் பார்த்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்காமல் எழுதுகிறேன், சந்தோஷமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் சத்தம் கூடட்டும் என்று காத்திருந்தேன். வானத்தைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் தரையில் உட்கார்ந்து இன்ச் டேப்பை நீட்டியிருந்தாள். "அண்ணாச்சி சொல்றது சரிதான். நெழலு இருக்கு. எவ்வளவு இருக்குன்னு நீங்களே அளந்து சொல்லுங்க" என்று குத்தகைக்காரரிடமே டேப்பைக் கொடுத்தாள்.

அவர் வேட்டியை மடித்துக்கொண்டு குனிந்தார். "மூணு இன்ச்சு."

தையல் சாக்பீஸால் நிழலின் நுனியில் ஒரு கோடு போட்டாள். "அஞ்சு நிமிசம் கழிச்சு அளப்போம். அதுக்குள்ள எல்லாரும் அவங்கவங்க பொருள நட்டு வைங்க." சுரைக்காய், குடம், அரைப்படி, சைக்கிள் பம்பு, ஒருத்தர் கொண்டுவந்த கடப்பாரை என்று திடல் முழுக்கப் பொருட்கள் எழுந்து நின்றன. சந்தையே அந்தப் பக்கம் நகர்ந்து வந்துவிட்டது.

பன்னிரண்டு ஐந்து. குத்தகைக்காரர் தாமே போய் அளந்தார். "ரெண்டு! ஒரு இன்ச்சு கொறஞ்சிருச்சு!"

"அஞ்சு நிமிசத்துல ஒரு இன்ச்சுன்னா, மூணு இன்ச்சுக்கு?"

"பதினஞ்சு நிமிசம்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

"அப்ப எத்தன மணிக்கு நெழலு போவும்?"

"பன்னெண்டே கால்!" திடல் மொத்தமும் சொன்னது. கீரைக்காரி சொன்னாள். குத்தகைக்காரர் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னார். பத்தொன்பது வருடம் நான் வாயால் சொன்ன கணக்கை அவர்கள் தாங்களே கண்டுபிடித்துவிட்டார்கள். பத்து நிமிடம் ஒருவரும் நகரவில்லை. எல்லாரும் குனிந்து அவரவர் சுரைக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டே காலுக்கு நிழல் எல்லாம் காலடிக்குள் ஒடுங்கிக்கொண்டது. குடத்தைச் சுற்றி வெயில் மட்டும். கைதட்டலை எனக்கு விவரிக்கத் தெரியவில்லை. நானும் எழுந்து நின்றேன். என்னைச் சுற்றியும் நிழல் இல்லை.

பொறாமைதான். அக்கறை இல்லை, வேறு எதுவும் இல்லை. அந்தக் கைதட்டல் ஒவ்வொன்றும் எனக்கு வந்திருக்க வேண்டியது என்று நெஞ்சு எரிந்தது.

வீட்டுக்கு வந்து ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்படி வாசலில் நின்று சிலேட்டில், 'பன்னிரண்டு என்று தப்பாகப் போட்டுவிட்டாய். நல்லவேளை சமாளித்தாய்' என்று எழுதி நீட்டினேன்.

"தப்பாவா?" என்றாள். "பன்னெண்டே காலுன்னு போட்டா நம்ம சனம் பன்னெண்டரைக்குத்தான் வரும். முகூர்த்தம் ஒம்போதுன்னா பத்திரிகையில எட்டரைன்னு போடுறதில்லையா? வருசா வருசம் சரியா போட்டு, நெழலு போனதுக்கப்புறம் வந்து நிக்குறவங்ககிட்ட நீங்க கோபப்படுவீங்க. நான் பெட்டிகிட்ட நின்னு பாத்துட்டுத்தான இருந்தேன்."

சிலேட்டை அழித்தேன்.

"நோட்டீச படிச்சதும் சொல்லுவீங்கன்னு நெனச்சேன். ‘ஏண்டி, கால் மணி விட்டுட்டியே’ன்னு எழுதிக் காட்டுவீங்க, நான் விசயத்தச் சொல்லுவேன், ரெண்டு பேருமா சிரிக்கலாம்னு பாத்தேன். நேத்து வரைக்கும் பாத்தேன்." புளியைப் பிழிந்து சக்கையை ஓரமாகப் போட்டாள். "வெள்ளிக்கெழம நீங்க குளிக்கிறப்ப ‘அன்பார்ந்த பொதுமக்களே’ன்னீங்க. தோச ஊத்திட்டிருந்தேன். குரல் வந்துருச்சேன்னு அப்பிடியே நின்னுட்டேன். தோச கருகுனதுகூடத் தெரியல. இப்ப வந்து சொல்லுவாரு, இப்ப வந்து சொல்லுவாருன்னு வாசலப் பாத்துட்டே நின்னேன்."

ரசம் கொதித்ததும் இறக்கி வைத்தாள். எனக்குப் பேச அனுமதி இருந்தது. குரலும் இருந்தது.

ஏப்ரல் 18, செவ்வாய்

காலையில் கழுத்தில் சிலேட்டை மாட்டப் போனேன். ஆணியில் காணவில்லை. அவளுடைய துணி வெட்டும் மேசையில், ஜாக்கெட் அளவு எழுதிய சிலேட்டாகக் கிடந்தது. மார்பு 38, கை 9.

அவள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். டெலிபோன் அடித்தது. அவள் திரும்பவில்லை. நான் நிற்பதும் அவளுக்குத் தெரியும். நான்கு முறை அடித்துவிட்டது. எடுத்து வைத்துவிடலாம், கை அதற்குப் பழகியிருந்தது.

எடுத்துக் காதில் வைத்தேன்.

"ஹலோ அண்ணி, ஜெபா பேசுறேன். நேத்தே முடிவு பண்ணியாச்சு. மே மாசப் பயணத்துக்கு நீங்கதான் தலைமை. வேன் துணியில உங்க பேரப் போடக் குடுத்துட்டேன். அண்ணன்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னுதான் தெரியல. அண்ணி? லைன்ல இருக்கீங்களா?"

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

"இருக்காங்க" என்றேன். கரகரப்பாகத்தான் வந்தது. "குடுக்குறேன்."

இருபத்தைந்து நாளுக்குப் பிறகு இந்த வீட்டில் நான் பேசிய பேச்சு அவ்வளவுதான். டெலிபோனை அவளிடம் நீட்டினேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அவள் பேசி முடிக்கும் வரை அடுப்பின் முன்னால் நின்று, தோசையைத் திருப்பிப் போட்டேன். கருகவில்லை.